லோமெங்காவில் சாகக் கூடாத மாதம்

லோமெங்காவில் ஏப்ரல் இருபதிலிருந்து மே பதினைந்து வரை யாரும் சாவதில்லை. சட்டம் ஒன்றும் கிடையாது. ஒரு மரியாதைதான். ஊர் மெஸேன் ஆற்றின் தாழ்ந்த கரையில் இருக்கிறது. இடுகாடு எதிர்க்கரையில், பைன் மரங்கள் நிற்கும் மணல்மேட்டில். உயிரோடு இருப்பவர்களுக்கு வெள்ளம் வரும் கரையையும் செத்தவர்களுக்கு மேட்டுக் கரையையும் யார் பிரித்துக் கொடுத்தார்கள் என்று கேட்டால், பெரியவர்கள் யோசித்துத்தான் செய்திருப்பார்கள் என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். குளிர்காலத்தில் உறைந்த ஆற்றின் மேல் குதிரை சவப்பெட்டியை இழுத்துக்கொண்டு போகும். கோடையில் படகு இருக்கிறது. நடுவில் இந்த ஒரு மாதம்தான் தொல்லை. பனிக்கட்டி ஆளையும் தாங்காது, படகுக்கு வழியும் விடாது. தபால் வராது, மாவு வராது, செத்தவர் போக முடியாது.

பாகோம் என்று ஒருவர் இந்த மரியாதையை மீறினார். ஏப்ரல் இருபத்தொன்பதாம் தேதி. இன்னும் இரண்டு வாரம் பொறுத்துக்கொள் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தார்கள், மனிதர் கேட்கவில்லை. நிலவறையில் ஐஸ் மேல் ஒரு வாரம் வைத்திருந்துவிட்டு, அதற்கு மேல் முடியாமல் மர அறுவைக் கூடத்துக்குப் பின்னால் புதைத்தார்கள். அந்த வருஷ வெள்ளம் அவரைப் பெட்டியோடு கிளப்பிக்கொண்டு போயிற்று. முப்பது கிலோமீட்டர் கீழே ஒரு மீனவனின் வலையில் மாட்டினார். "இது உங்களுடையதா?" என்று கேட்டு, அந்த ஊர்க்காரர்கள் படகில் திருப்பி அனுப்பினார்கள். அந்த ஊருக்குப் பெண் கொடுத்தவர்களெல்லாம் அந்த வருஷம் தலைகுனிந்து நடந்தார்கள்.

ஆகவே மார்ச் மாதம் ஊர் நர்ஸ் ஸவ்வாத்தியின் நெஞ்சைச் சோதித்துவிட்டு, "வசந்தத்தைத் தாண்டுறது கஷ்டம், பெரியவரே" என்று சொன்னபோது, அவருக்குச் சாவைப் பற்றிக் கவலை வரவில்லை. தேதியைப் பற்றித்தான் வந்தது.

"எப்போ? ஏப்ரலா, மேயா?"

"நான் என்ன ரயில் ஸ்டேஷனா, நேரம் சொல்றதுக்கு?"

"ஏப்ரல் கடைசின்னா எனக்குத் தோதுப்படாது" என்றார் ஸவ்வாத்தி. எழுபத்தெட்டு வயது, ஆறடிக்கு மேல் உயரம். வாழ்நாளில் பேசியதையெல்லாம் ஒன்றாகச் சேர்த்தாலும் ஒரு சாயங்காலத்துக்குக் காணாது. அன்று ஒரே நாளில் இவ்வளவு பேசியதே நர்ஸுக்குக் கலக்கமாக இருந்தது.

அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. ஆறு வருஷத்துக்கு முன் போன மனைவி பெலகேயாவுக்கு வலது பக்கத்தில் படுக்க வேண்டும். அதற்கென்று இடம் விட்டுத்தான் அவளைப் புதைத்திருந்தார். பெட்டியும் தயார். பத்து வருஷம் முன்பே தன் கையால் செய்து பரணில் ஏற்றி, சும்மா இருப்பானேன் என்று அதில் ஓட்ஸ் கொட்டி வைத்திருந்தார்.

ஏப்ரல் பத்தாம் தேதி, மைனஸ் ஆறு, ராத்திரிச் சாப்பாட்டின்போது மகள் உஸ்தின்யாவிடம் சொன்னார்.

"அக்கரைக்குப் போறேன்."

"எதுக்குப்பா?"

"சாக."

உஸ்தின்யா ஊரின் தபால்காரி. நாற்பத்தேழு வயது. கல்யாணம் செய்து, நாலு வருஷம் இருந்து பார்த்து, போதும் என்று அப்பா வீட்டுக்குத் திரும்பி வந்தவள். கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அங்க போயி சாகலேன்னா?"

"படகு வந்ததும் திரும்பி வர்றேன்."

"குளிர்ல அங்க எங்க இருப்பே?"

"புல்லறுக்கிறவங்க குடிசை இருக்கு. அடுப்பு இருக்கு. நானே அந்தப் பக்கம் இருந்துட்டா, அப்புறம் ஆறு என்ன பண்ணிக்கும்?"

யோசித்துப் பார்த்தால் இதில் குறை சொல்ல எதுவும் இல்லை. மறுநாள் ஊரே பாராட்டியது. பொறுப்பான மனுஷன், யாருக்கும் சிரமம் கொடுக்காமல் போகிறார் என்றார்கள். பாகோமின் விதவைக்கு மட்டும் முகம் சுண்டிப் போயிற்று.

உஸ்தின்யாவும் பாராட்டவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. அவளைத் தவிர யாருக்கும் தெரியாத காரணம்.

பிப்ரவரியில் பக்கத்து வீட்டு நிக்கீஃபர் செத்துப் போயிருந்தார். பிள்ளை தூரத்து ஊரில். வர முடியாது என்று தந்தி வந்தது. அவரை அவருடைய அம்மாவுக்குப் பக்கத்தில் புதைக்க வேண்டும். இடுகாட்டில் ஒன்றரை மீட்டர் பனி. அங்கே எல்லாச் சிலுவையும் ஒரே மாதிரி, மரத்தில், தலையில் சின்னக் கூரையோடு இருக்கும். அந்தக் கூரை முனைகள் மட்டும்தான் பனிக்கு வெளியே தெரியும். பேர்ப் பலகை ஆழத்தில். ஸவ்வாத்தி அப்போது நெஞ்சுச்சளியோடு படுத்திருந்தார். படுத்தபடியே வழி சொன்னார்: பிளந்த பைன் மரத்திலிருந்து ஆற்றோரமாக நாற்பது அடி வை, அங்கேதான் நிக்கீஃபரின் அம்மா. குழி வெட்டும் ஆட்களோடு உஸ்தின்யா போனாள். நாற்பது அடி வைத்தாள். மைனஸ் முப்பத்திநாலு டிகிரிக் குளிர், யாருக்கும் மூக்கு இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. இரண்டு நாள் நெருப்பு மூட்டி மண்ணை இளக்கி, வெட்டி, புதைத்துவிட்டு வந்தார்கள்.

வரும்போதுதான் அவள் திரும்பிப் பார்த்தாள். பக்கத்துச் சிலுவையின் கூரையில் ஒரு மூலை உடைந்திருந்தது. தன் அம்மா பெலகேயாவின் சிலுவையிலும் ஒரு மூலை உடைந்திருக்கும். எத்தனையோ சிலுவையில் மூலை உடைந்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வீட்டுக்கு வந்து அப்பாவின் பூட்ஸை எடுத்துத் தன் பூட்ஸ் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அப்பாவுடையது நாலு விரல் நீளமாக இருந்தது. செத்தவர்களை நினைக்கும் ஜூன் மாதத் திருநாளுக்கு ஊர் இடுகாட்டுக்குப் போவதற்குள் எப்படியாவது ஒரு வழி செய்யலாம் என்று இருந்தாள். அப்பா இப்போது ஏப்ரலிலேயே கிளம்பி அங்கே போய் உட்காரப் போகிறார், பனி உருகுவதைப் பார்த்துக்கொண்டு.

"நானும் வர்றேன்" என்றாள்.

"தபால்?"

"மாசம் பூரா தபாலே வராது."

ஏப்ரல் பதினேழு, பிளஸ் இரண்டு, ஆற்றின் மேல் கணுக்கால் அளவு தண்ணீர். எகோர் குதிரையைப் பூட்டினான். ஊரில் எது கனமாக இருந்தாலும் அது எகோரின் வேலை: கட்டை, உரம், பிணம். குளிரில் கெட்டுப் போகாமலிருக்க உருளைக்கிழங்கைச் சவப்பெட்டிக்குள் கொட்டினார்கள். மூடி மேல் ஸவ்வாத்தி உட்கார்ந்தார், மடியில் ஒரு தெர்மாமீட்டரை வைத்துக்கொண்டு. கரையில் நின்று எல்லோரும் கையசைத்தார்கள். அவர் அசைக்கவில்லை, கை தெர்மாமீட்டரைப் பிடித்திருந்தது.

எதிர்வீட்டு க்ளாஃபிராவிடம் ஒரு தொலைநோக்கி உண்டு. அவளோடு ஏற்பாடு ஒன்று செய்துகொண்டார்கள். குடிசைக்கு முன்னால் கம்பத்தில் வெள்ளைப் படுக்கை விரிப்பு பறந்தால் ஆள் உயிரோடு இருக்கிறார். விரிப்பு இல்லையென்றால் இல்லை. தினமும் காலை எட்டு மணிக்கு க்ளாஃபிரா பார்த்து ஊருக்குச் சொல்வாள்.

மூன்று நாளில் பனிக்கட்டி கரையை விட்டு விலகியது. அதோடு வழி அடைத்துக்கொண்டது.

ஸவ்வாத்தி தெர்மாமீட்டரைக் குடிசைச் சுவரில் அடித்து மாட்டினார். தினமும் காலையில் பார்த்து உரக்கச் சொல்வார். "மைனஸ் நாலு." "பிளஸ் ஒண்ணு, காத்து." "மைனஸ் ஒன்பது, மறுபடி பனி." அன்றையப் பேச்சு அதோடு முடிந்தது. பிறகு ஜன்னலோரம் உட்கார்ந்து சாவுக்காகக் காத்திருப்பார். கஞ்சி வைத்தால் குடிப்பார். சரியாக மூன்று மணிக்கு உப்பு மீன் கேட்பார். ஜன்னலுக்கு நேரே நூறு அடியில் இடுகாடு. புதிதாக நட்ட சிலுவை ஒன்று மட்டும் உயரமாகத் தெரிந்தது.

இருபத்து மூன்றாம் தேதி கண்ணைச் சுருக்கிக்கொண்டு கேட்டார்.

"நிக்கீஃபர் சிலுவைதானே அது?"

"ஆமாம்ப்பா."

"மரத்துக்கு ரொம்பக் கிட்ட இருக்கே."

"பனி கண்ணை ஏமாத்தும்ப்பா."

"ம்."

உஸ்தின்யா அன்றிலிருந்து வானத்தைத் திட்டத் தொடங்கினாள். வடக்கே பிறந்தவர்கள் எல்லாம் ஏழு மாதம் வெயிலுக்கு ஏங்குவார்கள். இவள் மட்டும் காலையில் எழுந்து வெயிலைப் பார்த்தால், "உனக்கு வேற வேலையே இல்லையா?" என்று கதவைச் சாத்துவாள். இருபத்தாறாம் தேதி பனி கொட்டியது; அவள் பாட்டுப் பாடிக்கொண்டே பாத்திரம் கழுவினாள். அப்பா திரும்பிப் பார்த்தார். அவர் அந்த மேட்டுக்கு நடந்து போக முடியாது. இடுப்பளவு பனி, மூச்சு வாங்கும். அது ஒன்றுதான் அவளுக்கு ஆறுதல். பனி தங்கினால் போதும், படகு வரும்வரை தங்கினால் போதும், அப்புறம் எகோரைத் தனியாகப் பிடித்துக் காலில் விழுந்தாவது நிக்கீஃபரை நகர்த்திவிடலாம். இதற்கு நடுவில் அப்பா செத்துவிட்டால்? அந்த இடத்தைத் தோண்டினால் அங்கே நிக்கீஃபர்.

இருபத்தெட்டாம் தேதி மழை பிடித்தது. சூடான, பொடிப்பொடியான, விடாத மழை. இரண்டு நாள் பெய்தது. பனி உட்கார்ந்துகொண்டே போயிற்று. முப்பதாம் தேதி காலை, பிளஸ் எட்டு, ஸவ்வாத்தி இரண்டு கைத்தடிகளை எடுத்துக்கொண்டார்.

"எங்கப்பா?"

"பெலகேயாவைப் பாத்துட்டு வர்றேன்."

"வழுக்கும்ப்பா. நாளைக்குப் போலாம்."

"நாளைக்கு நான் இருப்பேனோ என்னமோ."

அவள் ஜன்னலில் நின்று பார்த்தாள். அவர் போவதற்கு அரை மணி நேரம் ஆயிற்று. ஒரு சிலுவை முன்னால் குனிந்தார். பக்கத்துச் சிலுவை முன்னால் குனிந்தார். மறுபடியும் முதல் சிலுவைக்குப் போனார். பிளந்த பைன் வரை நடந்து, அங்கிருந்து தன் அடியால் எண்ணிக்கொண்டே வந்தார். நின்றார். அதையே இன்னொரு தடவை செய்தார். பிறகு திரும்பி வந்து, பூட்ஸைக் கழற்றி, கஞ்சி குடித்து முடித்து, வாயைத் துடைத்துக்கொண்டார்.

"எத்தனை அடி வச்சே?"

"நாப்பது."

"யார் காலால?"

"என் காலாலதான்."

"நான் என் நாப்பதைச் சொன்னேன்."

"நீ அப்பிடிச் சொல்லலையேப்பா!"

"படுத்துக் கிடக்கிறவன் யாரோட நாப்பதைச் சொல்வான்?"

உஸ்தின்யா உடைந்து அழுதாள். மூன்று மாதமாக அடக்கி வைத்தது எல்லாம் கொட்டியது. தெரியும், அன்றைக்கே சந்தேகம் வந்தது, சொல்லப் பயந்தேன், உன்னிடம் பயமில்லை, நீ ஒன்றுமே சொல்லாமல் இருப்பாயே, அதுதான் எனக்குப் பயம் என்றாள். ஸவ்வாத்தி ஒன்றுமே சொல்லாமல் இருந்தார்.

இரண்டு நாள் அப்படியே இருந்தார். தெர்மாமீட்டரைக்கூடப் படிக்கவில்லை. மே இரண்டாம் தேதி கோடரியை எடுத்துக்கொண்டு போய் நிக்கீஃபரின் மண்மேட்டைக் கொத்திப் பார்த்தார். ஒரு சாணுக்குக் கீழே கல் மாதிரி உறைந்து கிடந்தது. திரும்பி வந்து கோடரியை எறிந்தார். இதயம் களைத்துப் போனவர் என்று நர்ஸ் சொன்ன ஆள் எறிந்த கோடரி எதிர்ச் சுவரில் போய்க் குத்தி நின்றது.

"வேற யாராவதா இருந்தாலும் பரவால்ல. அவனா?"

"அவர் உன்னை என்னப்பா பண்ணினாரு? பதினோரு வருஷமாப் பேசல. ஏன்னுகூட நீ யார்கிட்டயும் சொல்லல."

"தீப்பெட்டி" என்றார் ஸவ்வாத்தி.

அன்றைக்குத்தான் அவர் சொன்னார். அவர் சொல்லி முடிக்க மத்தியானம் முழுவதும் ஆயிற்று, நடுநடுவே அவ்வளவு மௌனம். நிக்கீஃபர் சாயங்காலம் ஆனால் தீப்பெட்டி கடன் கேட்டு வருவார். இரண்டு குச்சி போதும் அவருக்கு. இரண்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவார். வாயைத் திறந்தால் கதை. பெலகேயா தலைத்துணி நுனியால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். தப்பாக ஒன்றும் கிடையாது, அதைச் சொல்லிவிட வேண்டும். ஆனால் ஸவ்வாத்தி வலையை உதறிவிட்டு உள்ளே வரும்போதெல்லாம் வீட்டில் சிரிப்புச் சத்தம் இருக்கும், அவரைக் கண்டதும் சட்டென்று நின்றுவிடும். ஒருநாள் அவர் கடையில் போய்த் தீப்பெட்டி ஒரு முழுப் பெட்டி, ஆயிரம் எண்ணம், வாங்கினார். நிக்கீஃபர் வாசலில் கொண்டுபோய் வைத்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. நிக்கீஃபருக்குப் புரிந்தது. அப்புறம் வரவே இல்லை.

"அம்மா என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல. அதுக்கப்புறம் அஞ்சு வருஷம் இருந்தா. சாயங்காலம் ஆனா பின்னிக்கிட்டு உக்காந்திருப்பா. நானும் உக்காந்திருப்பேன்" என்றார்.

"நீ எதுவும் பேசினதில்லையா?"

"என்ன பேசறது? ஒரே ஒரு தடவை என்னைப் பாத்துச் சிரிச்சா. நான் ஏணியிலேர்ந்து விழுந்தப்போ."

உஸ்தின்யாவுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் அடுப்புப் பக்கம் திரும்பி மறைத்தாள்.

மே நாலு, பிளஸ் ஆறு, காற்று. சாயங்காலம் அப்பா மறுபடி மேட்டுக்குப் போனார். கோடரி எடுக்கவில்லை. கவிழ்த்துப் போட்ட வாளி ஒன்றை எடுத்துக்கொண்டு போனார். வெகுநேரம் வரவில்லையே என்று அவள் பின்னாலேயே போனாள். பைன் மரத்துக்கு இந்தப் பக்கம் வந்ததும் குரல் கேட்டது. இரண்டு சிலுவைகளுக்கும் முன்னால் வாளி மேல் உட்கார்ந்திருந்தார், சுருட்டு வாயில், பற்ற வைக்காமல்.

"நிக்கீஃபர்" என்றார் ஸவ்வாத்தி. "தீப்பெட்டி இருக்கா?"

உஸ்தின்யா மரத்துக்குப் பின்னால் நின்றுகொண்டாள். குடிசை அலமாரியில் தீப்பெட்டி ஆறு இருந்தன. அவரே அடுக்கி வைத்தவை.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு பேச ஆரம்பித்தார். இன்றைக்குக் காற்று தெற்கிலிருந்து என்றார். ஆறு நடுவில் கறுத்துவிட்டது, இரண்டு நாளில் உடையும் என்றார். மகள் கஞ்சியில் உப்பு அதிகம் போடுகிறாள் என்றார். விஷயம் தீர்ந்துபோயிற்று. வாயிலிருந்த சுருட்டை எடுத்துவிட்டு, "பெலகேயா, இவன் அந்தக் கரடிக் கதை சொல்லுவானே" என்று தொடங்கினார். ஒருத்தன் இருட்டில் நீராவிக் குளியல் அறைக்குப் போனானாம். மேல் பலகையில் யாரோ உட்கார்ந்திருந்தார்களாம். மச்சான்தான் வந்திருக்கிறான் என்று நினைத்து, இலைக்கொத்தால் அவன் முதுகை அடித்துத் தேய்த்துவிட்டானாம். என்னப்பா, கல்யாணத்துக்கப்புறம் உனக்கு முதுகெல்லாம் இவ்வளவு மயிர் முளைச்சிருக்கு என்றானாம். ஸவ்வாத்தி கதை சொன்ன அழகைக் கேட்டால் கோர்ட்டில் சாட்சி சொல்வது போல இருந்தது. முதுகு வரைக்கும் வந்துவிட்டார். அப்புறம் நின்றார். உதடு அசைந்தது, வார்த்தை வரவில்லை.

"முடிவு மறந்து போச்சு" என்றார். வாளியைப் புதுச் சிலுவைப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். "நிக்கீஃபர், நீயே சொல்லு."

அப்படியே காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உஸ்தின்யா சத்தமில்லாமல் குடிசைக்குத் திரும்பினாள். அன்றைக்குக் கஞ்சியில் உப்பைக் குறைத்தாள்.

மே ஆறாம் தேதி விடியற்காலையில் ஆறு உடைந்தது. பீரங்கி வெடிக்கிற சத்தம். வீடு அளவு பனிக்கட்டிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டு போயின. கூடவே யாருடைய வேலியோ, ஒரு நாய்க்கூண்டு, பாதி வைக்கோல் போர். காற்றும் சேர்ந்துகொண்டது. எட்டு மணிக்கு இருவரும் கரைக்கு வந்து பார்த்தபோது எதிர்க்கரையில் கூட்டம் நின்றது. எல்லோரும் தொப்பியைக் கழற்றியிருந்தார்கள்.

ஸவ்வாத்திக்குத் தூரத்தில் இருப்பது நன்றாகத் தெரியும். "யாரு செத்தா?" என்றார்.

உஸ்தின்யா திரும்பிக் கம்பத்தைப் பார்த்தாள். விரிப்பைக் காணோம். காற்று அதை ஆற்றோடு அனுப்பிவிட்டிருந்தது.

"நீதான்ப்பா."

"ஓ."

அவள் ஓடிப்போய்ப் போர்வையைக் கட்டினாள். சாம்பல் நிறம், மரத்தோடு மரமாகப் போயிற்று. இரண்டு கையையும் தூக்கி ஆட்டிக் குதித்துக் கத்தினாள். எதிர்க்கரைப் பெண்கள் அதைப் பார்த்துவிட்டு முகத்தை மூடிக்கொண்டு அழுதார்கள். பாவம், தனியாக இருந்து துடிக்கிறாள் என்று. ஸவ்வாத்தி கையைத் தூக்கிக் காட்டலாம் என்றால், அவர் பைன் மரத்தடியில் நிழலில் நின்றுகொண்டு ஆட்களை எண்ணிக்கொண்டிருந்தார்.

"முப்பத்தொண்ணு" என்றார். "ஸ்தெப்பான் வரல. பாத்துக்கோ."

மேட்டுக்குத் திரும்பும்போது அவருக்கு நடை கொஞ்சம் நேராகியிருந்தது. செத்தாயிற்று, இனி அவசரமில்லை என்று நினைத்தாரோ என்னமோ. மறுநாள் பெலகேயாவின் இடது பக்கத்தைத் தன் அடியால் அளந்தார். அந்தப் பக்கம் ஒரு பைன் மரம், தொடைப் பருமனில் வேர்கள். அதனால்தான் அங்கே யாரையும் வைக்கவில்லை. பிளஸ் பதினொன்று, மேல்மண் இளகியிருந்தது. கோடரியை எடுத்து ஒரு வேரை வெட்டத் தொடங்கினார். ஒரு நாளைக்கு ஒரு வேர். வெட்டுவார், வாளி மேல் உட்காருவார், தீப்பெட்டி கேட்பார், வானிலை சொல்வார், கரடிக் கதையை முதுகு வரைக்கும் கொண்டுவருவார், நின்றுபோவார். மறுபடி வெட்டுவார். மூணு மணி உப்பு மீனை இரண்டு மடங்காகக் கேட்டார்.

மே பதினாலாம் தேதி, பிளஸ் ஒன்பது, லேசான தூறல், ஆறு கொஞ்சம் காலியானதும் முதல் படகு வந்தது. அன்றைக்கு ஸவ்வாத்தி செத்து ஒன்பதாம் நாள். ஒன்பதாம் நாள் சாப்பாட்டைத் தவறவிட்டால் செத்தவருக்கு மரியாதையில்லை. அதனால் எகோர், மண்வெட்டியோடு நாலு ஆட்கள், க்ளாஃபிரா, அவள் மடியில் துணி சுற்றிய சட்டியில் திராட்சை போட்ட சோறு, மீன் வைத்துச் சுட்ட பெரிய ரொட்டி, இரண்டு பாட்டில் வோட்கா எல்லாம் படகில் வந்திறங்கின. மேடேறி வந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். ஸவ்வாத்தி குழிக்குள் முழங்கால் ஆழத்தில் நின்றுகொண்டு வேர் வெட்டிக்கொண்டிருந்தார்.

க்ளாஃபிரா சிலுவை போட்டுக்கொண்டாள். "ஐயோ, பெரியவரே! நான் என் கண்ணால பாத்தேனே! விரிப்பு இல்லையே!"

"காத்துல போச்சு" என்றார் ஸவ்வாத்தி. "வந்ததுதான் வந்தீங்க. மண்வெட்டி இருக்கில்ல?"

முதலில் சாப்பிட்டார்கள். ஸவ்வாத்தி தன் ஒன்பதாம் நாள் ரொட்டியில் இரண்டு துண்டு தின்றுவிட்டு, மீனில் முள் அதிகம் என்றார். மற்றவர்களுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. தொப்பியைப் போடுவதா, கழற்றி வைப்பதா என்றும் தெரியவில்லை. உஸ்தின்யாதான் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு எல்லோர் முன்னாலும் சொன்னாள். பிப்ரவரியில் நாற்பது அடி வைத்தது நான், தப்பு என்னுடையது, நிக்கீஃபர் அப்பாவின் இடத்தில் படுத்திருக்கிறார்.

எகோர் இரண்டு பேர்ப் பலகையையும் படித்தான். தலையைச் சொறிந்தான்.

"அட, இதுக்கா அழுவறே? நாங்க அஞ்சு பேர் இருக்கோம். மண்ணும் இளகிடுச்சு. நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள அவரை அவங்கம்மாகிட்ட கொண்டுபோய் விட்டுடறோம். பெரியவரே, உங்க இடம் உங்களுக்கு. என்ன சொல்றீங்க?"

எல்லோரும் ஸவ்வாத்தியைப் பார்த்தார்கள். மூன்று மாதமாக உஸ்தின்யா மனசுக்குள் மன்றாடிய வார்த்தை அது; இப்போது எகோர் வாயில் சுலபமாக வந்துவிட்டது. அவர் தலையாட்டினால் போதும். ஸவ்வாத்தி மீன் முள்ளைப் பொறுமையாக வாயிலிருந்து எடுத்து, ரொட்டி ஓரத்தில் வைத்தார்.

"வேண்டாம்" என்றார். "அவன் இருக்கட்டும்."

"அப்பா?"

"நான் மட்டும் பக்கத்துல படுத்தா, மறுபடி அவ சும்மாதான் கெடப்பா. எனக்குப் பேச வராது." குழியைக் கையால் காட்டினார். "இந்தப் பக்கம் நான். அந்தப் பக்கம் அவன். இதை ஆழமா வெட்டி, பலகை போட்டு மூடிடுங்க. இப்பவே இல்ல. இன்னும் கொஞ்சம் வேலை இருக்கு எனக்கு."

ஆட்கள் வெட்டினார்கள். சவப்பெட்டியைக் குடிசையிலேயே விட்டுவிட்டார்கள், எப்படியும் இங்கேதான் தேவைப்படும் என்று; மிச்சமிருந்த உருளைக்கிழங்கை மட்டும் சாக்கில் கட்டினார்கள். ஸவ்வாத்தி தெர்மாமீட்டரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு படகில் உட்கார்ந்தார். நடு ஆற்றில், கடைசிப் பனிக்கட்டிகளைத் துடுப்பால் தள்ளிக்கொண்டு போகும்போது, க்ளாஃபிராவின் பக்கம் சாய்ந்தார்.

"நிக்கீஃபர் ஒரு கரடிக் கதை சொல்லுவானே. குளியல் அறையில."

"ஆமாம், நூறு தடவை கேட்டிருக்கேன்."

"முதுகு தேச்சுவிட்டான். அப்புறம்?"

"அப்புறம் என்ன? வீட்டுக்கு வந்து பொண்டாட்டிகிட்டச் சொல்றான்: உன் தம்பிக்கு இன்னிக்குத்தான்டி புத்தி வந்திருக்கு, உக்காந்த நேரம் பூரா வாயே தொறக்கல!"

படகில் எல்லோரும் சிரித்தார்கள். ஸவ்வாத்தி சிரிக்கவில்லை. "புத்தி வந்திருக்கு, வாயே தொறக்கல" என்று மெல்லச் சொல்லிப் பார்த்தார். இன்னொரு தடவை சொன்னார். கரை வந்து, ஊரே அவரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோதும் உதடு அசைந்துகொண்டே இருந்தது.

"என்னப்பா முணுமுணுக்கிறே?" என்றாள் உஸ்தின்யா.

"பேசாதே, மறந்துடும்" என்றார். "ஜூன்ல திருநாளுக்குப் போறப்போ சொல்லணும்."